தகட்டை லேத்தில் சுழற்றி வடிவம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஸ்பின்னிங் பட்டறை கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையில் இருக்கிறது. பட்டுக்கூடு வேகவைக்கப் பாத்திரம் கேட்டுத் தர்மபுரியிலிருந்து வருவார்கள். மாங்கூழ் ஆலைக்குப் புனல் வேண்டுமென்று கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்திலிருந்து வருவார்கள். ஓசூர் தொழிற்பேட்டைக்காரர்கள் வரைபடத்தோடு வருவார்கள். யார் வந்தாலும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். வருவதற்கு முன்பே படித்துவிட்டு வந்தால் உங்கள் தகடும் மிச்சம், பணமும் மிச்சம் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

லேத்தில் கடைசல் பிடிப்பதும் ஸ்பின்னிங்கும் ஒன்றுதானா?

இல்லை. கடைசலில் உலோகத்தைச் சீவி எடுக்கிறோம், சுருள் சுருளாகக் கீழே விழும். ஸ்பின்னிங்கில் சீவுகிற வேலையே கிடையாது, கடைசியில் விளிம்பை நேராக வெட்டுவதைத் தவிர. நமக்கு வேண்டிய வடிவத்தில் கடைந்து வைத்த கட்டையை லேத்தின் தலைப்பக்கம் மாட்டுவோம். இதை டை என்போம். வட்டமாக வெட்டிய தகட்டை அதன் முகத்தில் வைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து டெயில்ஸ்டாக்கால் இறுக்கிப் பிடிப்போம். டையும் தகடும் ஒன்றாகச் சுழலும்போது, நீண்ட கைப்பிடி போட்ட மழுங்கிய முனைக் கருவியால் தகட்டை அழுத்தி அழுத்தி டையின் மேல் படியவைப்போம். தட்டையாக ஏறிய தகடு சட்டியாகவோ புனலாகவோ இறங்கும்.

குயவர் சக்கரத்தில் பானை வனைவது மாதிரியா?

பார்க்க அப்படித்தான் இருக்கும், நிறையப் பேர் அதையே சொல்கிறார்கள். ஆனால் களிமண் ஈரம் இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் வளையும். தகடு அப்படியில்லை. ஒவ்வொரு தடவை கருவி மேலே போகும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வரும். ஓர் அளவுக்கு மேல் இறுகினால் வளையாது, பிளக்கும். இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுக்க இதில்தான் இருக்கிறது. தகடு இன்னும் எவ்வளவு தாங்கும் என்று கைக்குத் தெரிய வேண்டும்.

கையால் ஸ்பின்னிங் செய்யும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

கருவியின் கைப்பிடி அக்குளுக்கு அடியில் இருக்கும். முன்னால் கருவியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டில் வரிசையாகத் துளைகள். ஒரு துளையில் இரும்பு ஊசியைச் செருகி, அதில் கருவியை அண்டக்கொடுத்து நெம்புகோலாகப் பயன்படுத்துகிறோம். அழுத்தம் கை மணிக்கட்டிலிருந்து வருவதில்லை, இடுப்பிலிருந்தும் தோளிலிருந்தும் வருகிறது. உடம்பே சாய்ந்து சாய்ந்து போகும்.

முதல் வேலை, தகட்டின் நடுப்பகுதியை டையின் அடிமூலையில் நன்றாகப் பிடிக்க வைப்பது. அந்த இடம் பிடித்துவிட்டால் தகடு நழுவாது. அப்புறம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓர் இழுப்பு, விளிம்பிலிருந்து உள்பக்கம் ஓர் இழுப்பு. இந்த இரண்டாவது இழுப்பைத்தான் புதிதாக வருகிறவர்கள் விட்டுவிடுவார்கள். வெளிப்பக்கமாக மட்டும் இழுத்துக்கொண்டே போனால் தகடு நடுவில் மெலிந்து கிழியும். உள்பக்கம் திருப்பி இழுக்கும்போது உலோகம் மெலிந்த இடத்துக்குத் திரும்பி வரும்.

தகட்டை ஒரே மூச்சில் டைமேல் படுக்க வைக்கவும் கூடாது. பல இழுப்புகளில், புனல் மாதிரி விரிந்த நிலையிலேயே வைத்திருந்து, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக டையோடு ஒட்டிக்கொண்டு வர வேண்டும். சரியாகப் போகும்போது லேத்தின் சத்தம் ஒரே சீராக இருக்கும். விளிம்பு அலைபாய ஆரம்பித்தால் படபடவென்று சத்தம் மாறும், கைப்பிடியிலும் அதிர்வு தெரியும். அந்த நொடியில் அழுத்தத்தைக் குறைத்து, விளிம்பை முதலில் நேராக்க வேண்டும்.

எந்தெந்த வடிவம் செய்யலாம்?

வட்டமாக இருப்பது எதுவும். கூம்பு சுலபம். அரைக்கோளம் அடுத்தது. பக்கம் நேராக நிற்கும் குண்டா, டப்பா மாதிரி வடிவம்தான் இருப்பதிலேயே கடினம், ஏனென்றால் விளிம்பு முழுக்கச் சுருங்கி உள்ளே வர வேண்டும். சதுரம், முட்டை வடிவம் என்று கேட்டு வந்தால், தகட்டை அச்சில் வைத்து அழுத்தும் பிரஸ் வேலை செய்கிறவர்களிடம்தான் அனுப்புவோம்.

குடம் மாதிரி வயிறு பெருத்துக் கழுத்து சிறுத்த பொருள் தனி ரகம். முழுக்கட்டையாக டை போட்டால், வேலை முடிந்ததும் அது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால் டையைப் பல துண்டுகளாகச் செய்து நடுவில் ஒரு தண்டு வைப்போம். முதலில் தண்டை உருவினால் துண்டுகள் ஒவ்வொன்றாக வாய் வழியாக வெளியே வரும். கழுத்து ரொம்பச் சிறியதாக இருந்தால் உள்ளே டை இல்லாமலே, கைப்பழக்கத்தில் சுருக்குவதும் உண்டு. இரண்டு பாதியாகச் செய்து நடுவில் பற்றவைப்பது இன்னொரு வழி.

பிரஸ்ஸில் அடித்தால் மலிவாக வராதா?

ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் வரும். ஒரே அளவில் ஐந்தாயிரம் சட்டி கேட்டு எங்களிடம் வந்தால் பிரஸ்ஸுக்குப் போகத்தான் சொல்வோம். பிரஸ்ஸுக்கு ஆண், பெண் என இரண்டு அச்சும் கடினமான எஃகில் துல்லியமாக வேண்டும், அந்தச் செலவு எண்ணிக்கையில் பிரிந்து போனால்தான் கட்டுப்படியாகும். ஸ்பின்னிங்குக்கு ஒரு டை போதும், எண்ணிக்கை குறைவென்றால் மரத்திலேயே கடைந்துகொள்ளலாம். பத்து, ஐம்பது, இருநூறு என்கிற எண்ணிக்கைக்கு இதுதான் சரி. மாதிரிக்கு ஒன்று செய்து பார்த்துவிட்டு அளவை மாற்ற வேண்டும் என்றாலும் டையைத் திருத்துவது சுலபம்.

எந்தத் தகடு வாங்க வேண்டும்?

இந்தக் கேள்வியைத் தகடு வாங்குவதற்கு முன்னால் கேட்டால் சந்தோஷம். நிறையப் பேர் வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

அலுமினியத்தில் ஸ்பின்னிங்குக்கு ஏற்றது, கலப்பு குறைந்த, மென்பதத்தில் இருக்கும் தகடு. 1050, 1100 என்று எண் போட்டிருக்கும், பக்கத்தில் பதத்தைக் குறிக்கும் ‘ஓ’ எழுத்து இருக்கும். 3003-ம் நன்றாக வளையும், கொஞ்சம் கூடுதல் பலமும் தரும். 6061 தகட்டை முழுக்கக் கடினப்படுத்திய பதத்தில், அதாவது டி6 நிலையில் கொண்டுவந்தால் ஒன்றும் செய்ய முடியாது, இரண்டாவது இழுப்பிலேயே விளிம்பு பிளக்கும். பழைய அலுமினியத்தை உருக்கி உருட்டிய தகட்டில் உள்ளே கசடு இருக்கும். மேலே பளபளவென்று தெரிந்தாலும் மெலியும்போது அந்தக் கசடு இருக்கும் இடத்தில் கிழியும். சமையல் பாத்திரத்துக்கு அந்தத் தகடே வேண்டாம், என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

சதுரத் தகடாக வாங்காமல், வட்டமாக வெட்டிய சர்க்கிளாகவே வாங்குங்கள். சதுரத்திலிருந்து வட்டம் வெட்டினால் நான்கு மூலையிலும் சேர்த்து 21.5 சதவீதம் கழிவாகப் போகும். நம் பக்கத்துக்காரர்கள் பெரும்பாலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ பீன்யாவிலோ வாங்குகிறார்கள். கடையில் கேஜ் கணக்கில்தான் பேசுவார்கள்: 16 கேஜ் 1.63 மி.மீ., 18 கேஜ் 1.22, 20 கேஜ் 0.91, 22 கேஜ் 0.71. எண் ஏற ஏறத் தகடு மெலியும். பில்லில் மி.மீ. கணக்கில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நடுவில் ஏன் சூடு காட்டுகிறீர்கள்?

இறுகிப்போன தகட்டைத் திரும்பவும் மென்மையாக்குவதற்கு. வளைக்கும்போது உலோகத்தின் உள்ளமைப்பு நெருக்கிச் சிக்கிக்கொள்கிறது. சரியான சூட்டில் புதிய படிகங்கள் உருவாகி, அந்தச் சிக்கல் அவிழ்ந்து, தகடு பழைய மென்மைக்கு வரும்.

செம்பு இதில் நல்ல பிள்ளை. மங்கிய சிவப்பு வரும்வரை காட்டித் தண்ணீரில் போட்டாலும் மென்மையாகவே இருக்கும். பித்தளையையும் மங்கிய சிவப்புக்குக் கொண்டுபோகலாம், ஆனால் நிழலில் வைத்துத்தான் நிறம் பார்க்க வேண்டும், தண்ணீரில் போடாமல் தானாக ஆறவிடுவது நல்லது. சூடு மிஞ்சினால் படிகங்கள் பெருத்து, மறுபடி ஸ்பின்னிங் செய்யும்போது மேற்பரப்பு சொரசொரவென்று ஆகிவிடும். பித்தளையில் இருக்கும் துத்தநாகம் வெள்ளைப் புகையாக வெளியேறும், அதைச் சுவாசிக்கக் கூடாது.

அலுமினியம்தான் ஏமாற்றும். சிவக்கவே சிவக்காது. 660 டிகிரியில் உருகிவிடும், அதுவரை பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. மென்மையாவதற்கு ஏறத்தாழ 350 டிகிரி போதும். அதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது: துணி துவைக்கும் பார் சோப்பை எடுத்துத் தகட்டில் ஒரு கோடு கிழித்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து தீயைக் காட்டிக்கொண்டே வர வேண்டும். சோப்புக் கோடு முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பு, பிறகு கருப்பு. கருத்ததும் தீயை எடுத்துவிட வேண்டும். ஒரே இடத்தில் தீயை நிறுத்தக் கூடாது, சுற்றிச் சுற்றி வர வேண்டும். வெப்பமானி வைத்திருக்கிற பட்டறையிலும் இந்தச் சோப்புக் கோட்டைப் போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், நாங்களும் போடுகிறோம்.

304 ரக எவர்சில்வர் என்று சொன்னீர்கள், காந்தம் ஒட்டுகிறதே? மட்டமானதா?

மாதம் தவறாமல் வரும் கேள்வி. கேட்பவர் மேல் தவறில்லை. 304-ல் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். தட்டையான தகடாக இருக்கும்போது காந்தம் ஒட்டாது என்பது சரிதான். ஆனால் குளிர்ந்த நிலையில் அதை நன்றாக வளைத்து நெருக்கும்போது உள்ளமைப்பின் ஒரு பகுதி காந்தம் பிடிக்கும் வகையாக மாறிவிடுகிறது. அதனால்தான் சட்டியின் அடியில் ஒட்டாத காந்தம் விளிம்பில் லேசாக ஒட்டும். எங்கே அதிகம் வேலை நடந்ததோ அங்கே அதிகம் ஒட்டும். சந்தேகம் இருந்தால், வெட்டி எடுத்த தகட்டின் மூலைத்துண்டை வாங்கிக் காந்தம் வைத்துப் பாருங்கள். அந்தத் தட்டைத் துண்டிலும் கெட்டியாக ஒட்டினால் கேள்வி கேளுங்கள். காந்தம் சொல்லும் தீர்ப்பும் முழுத் தீர்ப்பு இல்லை. 202 என்கிற மலிவான எவர்சில்வர் ரகத்திலும் தட்டையாக இருக்கும்போது காந்தம் ஒட்டாது. நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

202 மலிவாகக் கிடைக்கிறதே, அதில் செய்தால் என்ன?

ஆழமில்லாத தட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆழமான பொருளுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். 202-ல் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். வளைக்க வளைக்க 304-ஐவிடச் சீக்கிரம் இறுகும். அதைவிடப் பெரிய தொல்லை, வேலை முடிந்து பாலிஷும் போட்டு அடுக்கி வைத்த பிறகு, சில மணி நேரமோ சில நாளோ கழித்து, யாரும் தொடாமலே விளிம்பிலிருந்து செங்குத்தாக விரிசல் விடும். உள்ளே தேங்கிய இழுவிசைதான் காரணம். டெலிவரி கொடுத்த பிறகு இது நடந்தால் யாருக்கும் நல்லதில்லை. 304 போடுங்கள், அல்லது ஆழத்தைக் குறையுங்கள்.

எவர்சில்வருக்குக் கருவியும் வேறு. அலுமினியம், செம்பு, பித்தளைக்குக் கடினப்படுத்திப் பளபளப்பாக்கிய எஃகுக் கருவி சரி. எவர்சில்வரில் அதே எஃகைத் தேய்த்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கீறல் கீறலாக வரும். அலுமினிய வெண்கல முனையோ உருளையோ போட வேண்டும்.

பித்தளைக் குடத்தில் தானாக விரிசல் விழுமா?

விழும். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், நம் ஊர் வீடுகளுக்கு நேரடியாகப் பொருந்துகிற விஷயம்.

பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் ராணுவம் சேமித்து வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே பிளந்தன. குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தவைதான் அப்படி ஆயின. காரணம் பிற்பாடுதான் தெளிவாகப் புரிந்தது: குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா. உருவாக்கும்போது பித்தளைக்குள் தேங்கிய இழுவிசையும், காற்றில் இருக்கும் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால் படிகங்களின் ஓரத்தில் விரிசல் ஓடும்.

ஸ்பின்னிங் செய்த பித்தளையிலும் அதே இழுவிசை தேங்கி நிற்கும். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் வைத்த பித்தளை அண்டாவின் கழுத்தில் மயிரிழை விரிசல் பார்த்தவர்கள் நம் மாவட்டங்களில் இருப்பார்கள். அதனால் பித்தளை வேலை முடிந்ததும் 250 முதல் 300 டிகிரி வரை மிதமாக ஒரு சூடு காட்டி ஆறவிடுகிறோம். இந்தச் சூட்டில் தகடு மென்மையாகாது, வடிவமும் கெடாது, உள்ளே இருக்கும் இழுவிசை மட்டும் தளரும். சூடு காட்டியதும் காட்டாததும் பார்வைக்கு ஒன்றாகவே தெரியும் என்பதால், பித்தளைப் பொருளை யாரிடம் செய்யக் கொடுத்தாலும் இந்தச் சூடு காட்டினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சமையலுக்கான பித்தளை, செம்புப் பாத்திரம் என்றால் உள்ளே சுத்தமான வெள்ளீயப் பூச்சு வேண்டும். காரீயம் கலந்த பூச்சு கூடவே கூடாது. புளிக்குழம்பை வெறும் பித்தளையிலோ செம்பிலோ வைக்காதீர்கள்.

என் பாத்திரத்துக்கு எவ்வளவு பெரிய வட்டத்தகடு வேண்டும் என்று நானே கணக்குப் போடலாமா?

போடலாம். தகட்டின் பரப்பும் பாத்திரத்தின் மொத்தப் பரப்பும் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் நேரான குண்டாவுக்கு: விட்டத்தை விட்டத்தால் பெருக்குங்கள், அதோடு விட்டம் × உயரம் × 4 கூட்டுங்கள், வரும் எண்ணுக்கு வர்க்கமூலம் எடுங்கள்.

200 மி.மீ. விட்டம், 100 மி.மீ. உயரம் என்றால் 40,000 + 80,000 = 1,20,000. வர்க்கமூலம் 346. அதாவது 346 மி.மீ. சர்க்கிள். 18 கேஜ் அலுமினியத்தில் அது ஏறக்குறைய 310 கிராம் இருக்கும். அரைக்கோளத்துக்கு இன்னும் சுலபம், வாய் விட்டத்தை 1.414-ஆல் பெருக்கினால் போதும். 300 மி.மீ. வாய்க்கு 424 மி.மீ.

இழுக்கும்போது தகடு கொஞ்சம் நீளும், அதனால் கணக்கைவிடச் சற்றுச் சிறிய சர்க்கிளே போதுமானதாக இருக்கும். ஆனால் விளிம்பு எப்போதும் ஒரே சமமாக வராது, உருட்டிய திசையைப் பொறுத்து மேடும் பள்ளமுமாக வரும், அதை வெட்டி நேராக்க வேண்டும். முதல் பொருளைக் கணக்குப்படி செய்து பார்த்துவிட்டு மீதிக்கு அளவை இறுதி செய்வது நல்லது. மொத்த சர்க்கிளையும் முதலிலேயே வாங்கிவிடாதீர்கள்.

தடிமன் குறையுமா?

குறையும். எவ்வளவு என்பது முறையைப் பொறுத்தது. பல இழுப்புகளில் நிதானமாகச் செய்யும் சாதாரண முறையில் பெரும்பாலான இடங்களில் கொஞ்சம்தான் குறையும், அடிமூலையில் சற்று அதிகம். அழுத்தம் தாங்க வேண்டிய பொருள் என்றால் அந்த மூலையை மனதில் வைத்துத் தகட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கூம்புகளுக்கு வேறொரு முறை உண்டு. உருளையை வைத்து ஒரே இழுப்பில், பெரிய விசையோடு தகட்டை டைமேல் தேய்த்து நீட்டுவது. இதில் தகட்டின் விட்டம் மாறாது, தடிமன்தான் குறையும், அதுவும் கணக்குப்படி. கூம்பின் அரைக்கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் புதுத் தடிமன் வந்துவிடும். அரைக்கோணம் 30 டிகிரி என்றால் 2 மி.மீ. தகடு 1 மி.மீ. ஆகும். இதற்கு இயந்திர பலம் வேண்டும், கணினி இயக்கும் சி.என்.சி. ஸ்பின்னிங் லேத்தில்தான் ஒழுங்காக வரும்.

சுருக்கம் ஏன் விழுகிறது?

விளிம்பு உள்நோக்கிச் சுருங்கும்போது தாங்கல் இல்லாவிட்டால் மடியும். மெல்லிய தகடும் பெரிய விட்டமும் சேர்ந்தால் நிச்சயம் மடியும். தகட்டின் பின்பக்கம் ஒரு மரக்கட்டையை அண்டக்கொடுத்து, முன்னால் கருவி, பின்னால் கட்டை என்று இரண்டுக்கும் நடுவே விளிம்பை ஓடவிட்டால் தடுக்கலாம். சின்னச் சுருக்கத்தை உடனே நீவி எடுக்கலாம். மடிந்து ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டால் அந்தத் தகடு போனதுதான், மேற்கொண்டு சுழலவிடுவது ஆபத்து.

லேத் எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும்? எண்ணெய் போட வேண்டுமா?

சர்க்கிள் சிறியதென்றால் வேகம் அதிகம், பெரியதென்றால் குறைவு. 300 மி.மீ. அலுமினியத்துக்கு நிமிடத்துக்கு 800 சுற்று என்று ஆரம்பிக்கலாம். எவர்சில்வருக்கு அதில் பாதிதான். எண்ணெய் வேலைக்கு ஆகாது, சுழற்சியில் தெறித்துவிடும். ஒட்டிக்கொள்ளும் பொருள் வேண்டும்: சோப்பு, மெழுகு, கிரீஸ், கொழுப்பு. சூடு காட்டுவதற்கு முன்னால் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கருகிக் கறையாகும்.

என்னிடம் சாதாரண லேத் இருக்கிறது. அதில் பழகலாமா?

சிறிய அலுமினியக் கிண்ணம் அளவுக்குப் பழகலாம். மூன்று விஷயங்கள் மாற்ற வேண்டும். டெயில்ஸ்டாக்கில் தகட்டோடு சேர்ந்து சுழலும் சென்டர் வேண்டும். டூல் போஸ்டை எடுத்துவிட்டுத் துளைகள் போட்ட கனமான ரெஸ்ட் வைக்க வேண்டும். பேரிங் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். துல்லிய வேலைக்கு வைத்திருக்கும் நல்ல லேத்தை இதற்குப் பலி கொடுக்காதீர்கள்.

ஆபத்தான வேலையா?

ஆம். 300 மி.மீ. சர்க்கிள் 800 சுற்றில் ஓடும்போது விளிம்பு மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, அதுவும் மெல்லிய கத்தி விளிம்பு. தகடு ஓடும்போது விளிம்புக்கு நேராக நிற்கக் கூடாது, பார்க்க வருகிறவர்களையும் நிற்கவிடக் கூடாது. லுங்கி, துண்டு, தொங்கும் சட்டைக்கை, கையுறை எதுவும் கூடாது. கையுறை பாதுகாப்பு என்று நினைத்துப் போடுகிறார்கள், விளிம்பு அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். முகக்கவசம் போடுங்கள். சர்க்கிளை ஏற்றுவதற்கு முன்பே பிசிறை அரம் போட்டு எடுத்துவிடுங்கள்.

தகட்டை மையத்தில் நிறுத்த, லேத்தை ஓடவிட்டு டெயில்ஸ்டாக்கைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டையால் தட்டிச் சரிசெய்கிற பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. பழகிய கைகளே அதில் தகட்டைப் பறக்கவிட்டிருக்கின்றன. நிறுத்திவிட்டு அளந்து மையம் பாருங்கள். ஒரு நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும்.

டை எதில் செய்கிறீர்கள்?

குறைந்த எண்ணிக்கைக்கு நன்றாக உலர்ந்த கெட்டி மரம், கொஞ்சம் அதிகமென்றால் நைலான், நூற்றுக்கணக்கில் என்றாலோ எவர்சில்வர் என்றாலோ வார்ப்பிரும்பு அல்லது எஃகு. ஈர மரத்தில் கடைந்தால் ஒரு கோடையில் வட்டம் கோணலாகிவிடும்.

பொருளின் மேல் வட்ட வட்டமாகக் கோடு தெரிகிறதே?

அது கருவி போன தடம். கடைசி இழுப்பை நிதானமாகப் போட்டால் குறையும், எமெரித் தாளும் பாலிஷும் போட்டால் போய்விடும். உள்பக்கம் டையின் மேற்பரப்பு எப்படியோ அப்படியே வரும். எந்தப் பக்கம் பளபளப்பாக வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டால் அதற்கேற்ப டையைத் தயார் செய்வோம்.

கோயில் கலசம் செய்வீர்களா? நசுங்கிய குழாய் ஸ்பீக்கரைச் சரிசெய்ய முடியுமா?

கலசம் செய்கிறோம். செம்புத் தகட்டில் அடி, குடம், கழுத்து, முனை என்று தனித்தனியாகச் சுழற்றி எடுத்து நடுத்தண்டில் கோப்போம். உள்ளே வரகு போன்ற தானியம் நிரப்புவார்கள் என்பதால் இணைப்புகளில் மழைநீர் இறங்காமல் இருக்க வேண்டும். மேல்துண்டின் விளிம்பு கீழ்த்துண்டின் மேல் வெளிப்பக்கமாகக் கவிழ்ந்திருக்கும்படிதான் அளவு எடுப்போம்.

திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கரின் வாய் அலுமினியத்தில் இதே முறையில் செய்ததுதான். நசுங்கினால், அதே வளைவுக்கு டை இருந்தால் திரும்ப ஏற்றி நீவிவிடலாம். மடிந்து கோடு விழுந்த இடத்தில் ஏற்கெனவே தகடு இறுகியிருக்கும், அங்கே முதலில் சூடு காட்டாமல் நீவினால் கிழியும்.

இந்த வேலையை எங்கே கற்றுக்கொள்வது?

ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவோ ஷீட் மெட்டல் பிரிவோ படித்தால் அடிப்படை வந்துவிடும். டர்னர் இரண்டு வருடம். ஸ்பின்னிங்கைப் பட்டறையில் நின்றுதான் பழக வேண்டும். ஆர்வமுள்ள பையன்களும் பெண்களும் வந்தால் சொல்லித்தர நாங்கள் தயார். முதலில் பல நாள் சர்க்கிள் வெட்டுவது, டை துடைப்பது, விளிம்பு அரம் போடுவதுதான் வேலையாக இருக்கும். தகட்டின் குணம் கைக்குப் புரிவது அங்கேதான். சி.என்.சி. வந்த பிறகு கைவேலை எதற்கு என்று கேட்கிறார்கள். இயந்திரத்துக்கு எத்தனை இழுப்பு, எந்தப் பாதை என்று சொல்லிக் கொடுப்பவருக்குக் கைவேலை தெரிந்திருந்தால் வீணாகும் தகடு குறையும்.

சொந்தமாகப் பட்டறை வைக்க நினைப்பவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் பி.எம்.இ.ஜி.பி., நீட்ஸ் போன்ற மானியக் கடன் திட்டங்களைப் பற்றி விசாரியுங்கள். இயந்திரம் வாங்கிய பிறகு விண்ணப்பிக்காதீர்கள், விண்ணப்பித்துவிட்டு வாங்குங்கள்.

விலையை எப்படிப் போடுகிறீர்கள்?

தகட்டின் எடை, டைக்கான செலவு, ஒரு பொருளுக்கு ஆகும் நேரம், நடுவில் எத்தனை தடவை சூடு காட்ட வேண்டும், பாலிஷ். டை உங்கள் காசில் செய்தால் அது உங்கள் பொருள், கேட்கும்போது கொடுத்துவிடுவோம்.

“அண்ணா, ஒண்ணே ஒண்ணுதான் வேணும், செஞ்சு தருவீங்களா?”

தருவோம். நம்மிடம் இருக்கும் டை பொருந்தினால் செலவும் குறைவு. வரும்போது பழைய மாதிரியோ அளவு போட்ட படமோ கொண்டுவாருங்கள். நீங்கள் சொல்லும் விட்டம் உள்விட்டமா வெளிவிட்டமா என்று கட்டாயம் குறித்திருக்க வேண்டும், டை கடைவது உள்விட்டத்துக்கு. உள்ளே என்ன வைப்பீர்கள், அடியில் நெருப்பா நீராவியா, மேலே மூடி பொருந்த வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள். மாங்கூழ் ஆலைக்காரர்கள் சீசனுக்கு முன்பே, மார்ச்சிலேயே வந்துவிடுங்கள். மே மாதம் வந்து நாளைக்கே வேண்டும் என்றால் சூடு காட்டி ஆறவைக்கிற நேரத்தைத்தான் குறைக்க வேண்டியிருக்கும், அதை நாங்கள் செய்ய மாட்டோம்.